கால் அரையாகும் இடம்

ஜூலை. சிலோயே தீவில் இது மழைக்காலம்,
மற்ற மாதங்களும் அப்படித்தான்.
வகுப்பறையின் விறகடுப்புக்கு மேலே
கம்பியில் ஈரக் காலுறைகள்
ஆவி விட்டுக்கொண்டிருக்கின்றன.

பதினோரு வருடமாய் ஒரே வாக்கியம்தான் சொல்லி வந்தேன்:
இரண்டாவதைத் தலைகீழாக்கு, பிறகு பெருக்கு.
ஆக்கினார்கள், பெருக்கினார்கள்,
தேறினார்கள், படகேறி வேலைக்குப் போனார்கள்.
ஏன் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.
நல்லவேளை.
எனக்கும் தெரியாது.

இந்தமுறை ராத்திரி உட்கார்ந்து
காகிதப் பட்டைகள் வெட்டிக்கொண்டு வந்தேன்.
ஒன்றேமுக்கால் லிட்டர் ஆரஞ்சு வண்ணம் இருக்கிறது.
ஒரு மிதவைக்கு அரை லிட்டர் பிடிக்கும்.
எத்தனை மிதவை?

சிப்பிக் கயிறுகளைத் தாங்கும் மிதவைகள்
இவர்கள் வீட்டு நாய்க்கும் தெரிந்த சாமான்.

யாஸ்னா நாக்கை ஓரமாய்க் கடித்தபடி
பட்டையை மடித்தாள்.
முழுசில் இரண்டு அரை. முக்காலில் ஓர் அரை.
மூன்று ஆயிற்று.
நுனியில் ஒரு கால் தொங்கியது.
"மூன்றேகால்."

எலிசெயோ காகிதத்தைத் தொடவே இல்லை.
அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி தலைகீழாக்கிவிட்டு
"மூன்றரை" என்றான்.

"மிச்சம் கால்தானே? கண் பொய் சொல்லுமா?"
"அப்போ கணக்கு பொய் சொல்லுமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் எழுந்துபோய் அடுப்பில் விறகு வைத்தேன்.
தேவையில்லாமல் இன்னொரு கட்டையும் வைத்தேன்.

மகாலி ஹுவென்சூர்
எதிர்த்தீவிலிருந்து தினமும் படகில் வருகிறவள்,
வாய் திறந்து நான் கேட்டது குறைவு.
அவள் பட்டையை ஒதுக்கிவிட்டு
நோட்டில் வட்டங்கள் போட்டிருந்தாள்.
மூன்று வட்டம் முழு ஆரஞ்சு.
நாலாவதில் பென்சில் பாதி வயிற்றோடு நின்றிருந்தது.

"வண்ணம் தீர்ந்துபோச்சு" என்றாள்.
"மிதவை தீரலை.
எங்க வீட்டுப் பின்னால இப்படி ஒண்ணு கிடக்கு.
பாதி ஆரஞ்சு, பாதி துரு."

கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.

யாஸ்னா தன் கால் பட்டையை எடுத்து
அரைப் பட்டையின் மேல் வைத்தாள்.
சரிபாதி மறைந்தது.
எடுத்தாள். மறுபடி வைத்தாள்.
"லிட்டர்ல கால்" என்றாள் மெதுவாக,
"மிதவைல அரை."
தோற்றுப்போனவள் குரல் இல்லை அது.
இரண்டு வீட்டுக்கும் சாவி கிடைத்தவள் குரல்.

மிச்சத்துக்கென்று சொந்தப் பெயர் கிடையாது போலும்.
எந்தப் படியால் அளந்தோமோ
அந்தப் படியே அதற்குப் பெயர் வைக்கிறது.

ஜெயித்த எலிசெயோதான் முகம் சுளித்தான்.
"விடை சரி. ஆனா எதுக்குத் தலைகீழாக்கணும்?"

பதினோரு வருடம் தாமதமாய் வந்த கேள்வி.
பலகைப் பக்கம் திரும்பி
எழுதுவதுபோல் நின்றுகொண்டு
ஒரு முழுப் பட்டையைப் பார்த்தேன்.
ஒரு லிட்டர்; அதில் இரண்டு மிதவை.
அவ்வளவுதான் அந்த இரண்டு.
அது குட்டிக்கரணம் போட்ட அரை அல்ல.
லிட்டருக்கு இரண்டென்று
எப்போதும் நேராய்த்தான் நின்றிருக்கிறது.
தலைகீழாய் இருந்தது நான்.

இதை அவர்களிடம் முழுசாய்ச் சொல்லவில்லை.
"ஒரு லிட்டர் இருந்தால் எத்தனை?" என்று மட்டும் கேட்டேன்.
எலிசெயோவின் புருவம் ஏறியது. இறங்கவில்லை.

மணி அடித்தது. பூட்ஸ் கால்கள் மரத்தரையை உலுக்கின.
வாசலில் மகாலி திரும்பினாள்:
"அரை லிட்டர்தான் இருக்கு,
மிதவைக்கு முக்கால் வேணும்னா?"
பதிலுக்கு நிற்கவில்லை; படகு நிற்காது.

ஒன்றுகூட முழுசாய் வராத கணக்கு.
தனியாய் உட்கார்ந்து பட்டைகளை அடுக்கினேன்.
வேண்டியது மூன்று கால், இருப்பது இரண்டு.
மூன்றில் இரண்டு பங்கு மிதவை.
சூத்திரம் இல்லாமல் நானே கண்ட முதல் விடை.
யாரிடம் காட்டுவது?

விளக்கணைக்கப் போகையில் கவனித்தேன்,
கம்பியில் யாரோ மறந்துவிட்ட
பச்சைக் காலுறை.
ஒன்று என்பதா,
அரை என்பதா?